சீட்டில் வந்த பக்கம்

முத்துமீனாவின் தம்பி கருப்பு பேரையூரில் பத்தொன்பது வயதில் இறந்தபோது அவனுக்கு என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது. ஓடித் திரிந்த பையன் தடுக்கித் தடுக்கி விழ ஆரம்பித்தான். பிறகு ஒருநாள் விழுந்தவன் எழவில்லை. சாமி குத்தம் என்றார்கள். செய்வினை என்றார்கள். கடைசி மாதங்களில் அவன் மூச்சுக்கு இழுப்பதைக் கேட்க முடியாமல் அவள் கருவேலங்காட்டுப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள்.

அந்த நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது அவளுடைய மகன் முகேஷ் மூலமாகத்தான். அவனும் ஐந்து வயதில் மாடிப்படி ஏறும்போது தொடையைப் பிடித்துப் பிடித்து ஏறினான். மதுரை டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, தசை சிதைகிற நோய் என்றார். தாய்வழியாக வருவது, பெண்களிடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் பையன்களை முடக்குவது என்று விளக்கினார்.

"மருந்து இருக்கா சார்?" என்று கேட்டார் அவள் கணவர் பீமாராவ்.

"ஆராய்ச்சி வேகமா நடக்குது. நம்பிக்கையா இருங்க."

பீமாராவ் நம்பினார். அவர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். அவருடைய அப்பா கண்ணுச்சாமி ஆயுள் முழுக்க அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். படிப்புதான் தன்னை அந்த வரப்பிலிருந்து தூக்கித் திருமங்கலத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மகனுக்கும் அந்த நம்பிக்கையைக் கொடுத்திருந்தார். முகேஷுக்கு இப்போது பதின்மூன்று வயது. மூன்று வருடங்களாகச் சக்கர நாற்காலி. கால்கள் போய், தோள்களும் தளரத் தொடங்கியிருந்தன. பேச்சு மட்டும் தளரவில்லை. பள்ளியில் அவன் மைக்கைப் பிடித்தால் பின்பெஞ்சும் அடங்கும்.

அந்த ஆடி மாதத்தில், எதிர்பாராமல் முத்துமீனாவுக்கு நாள் தள்ளிப்போனது.

முகேஷிடம் சொல்லவில்லை. முதலில் பரிசோதனை செய்துவிடலாம் என்றார் பீமாராவ். கருவிலிருந்து துளி எடுத்துப் பார்த்தார்கள். முடிவைச் சொன்ன பெண் மருத்துவர் அவர்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"இதுக்கும் இருக்கும்மா."

ஆணா பெண்ணா என்று அவர் சொல்லவில்லை. சட்டப்படி சொல்லவும் கூடாது. அந்த வீட்டில் யாருக்கும் அதைச் சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை.

"யோசிச்சு வாங்க. எந்த முடிவா இருந்தாலும் நான் கூட இருக்கேன். ரொம்ப நாள் தள்ளாதீங்க," என்றார்.

வீட்டில், முகேஷ் தூங்கிய பிறகு, இரவுகளில் இருவரும் பேசினார்கள்.

"உன் தம்பிய நீ பாத்தவ மீனா. இன்னொரு புள்ளைய அப்பிடிப் பாக்க நம்மளால முடியுமா? அன்னைக்கி ஒங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. நமக்குத் தெரியுது. தெரிஞ்சுக்கிறதுக்குத்தான அறிவியல் இருக்கு?"

"தெரிஞ்சா கொல்லணுமாங்க?"

"அந்த வார்த்தைய சொல்லாத."

"பெறகு என்னன்னு சொல்றது? மருந்து வந்துரும் வந்துரும்னு முகேஷ்கிட்ட சொல்றீங்கள்ல. இதுக்கு மட்டும் வராதா?"

பீமாராவ் கையைப் பிசைந்தார். "வரும். எப்பன்னு தெரியாது. வர்ற வரைக்கும் ரெண்டு புள்ளைகளத் தூக்க ஒனக்குத் தெம்பு இருக்கா? எனக்கு இல்ல. உண்மைய சொல்றேன், எனக்கு இல்ல."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் காலையில் பல் துலக்கும்போது குமட்டிக்கொண்டு வந்தால், அந்தக் குமட்டலே ஒரு ஆள் மாதிரி இருந்தது. அதனிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் அவள் வாயைக் கொப்பளித்தாள்.

இந்த நாட்களில்தான் பள்ளியில் விவாதப் போட்டி வந்தது. 'அறிவியல் வளர்ச்சியால் மனித குலத்தின் எதிர்காலம் வளமா, வீழ்ச்சியா?' பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். பீமாராவுக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. முத்துமீனா போனாள்.

வீழ்ச்சி என்று பேசிய அஸ்வினி, முகேஷின் வகுப்புத் தோழி. செல்போன், பிளாஸ்டிக், அணுகுண்டு என்று வரிசையாக அடுக்கிக் கைதட்டல் வாங்கினாள். பிறகு முகேஷின் நாற்காலியை மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"நடுவர் அவர்களே! என் தோழி அணுகுண்டைப் பற்றிப் பேசினார். நான் என் கால்களைப் பற்றிப் பேசுகிறேன். என் தாய்மாமனுக்கு இதே நோய். சாமி குத்தம் என்றார்கள். எனக்கு வந்தபோது அறிவியல் அதற்குப் பெயர் சொன்னது. நாளை என்ன சொல்லும் தெரியுமா? ஒரு பிள்ளைக்கு இந்த நோய் உண்டா என்று பிறக்கும் முன்பே சொல்லிவிடும். அன்று இந்த நாற்காலிக்கு வேலை இருக்காது. என்னைப் போல் ஒருவன் இந்த மண்ணில் பிறக்கவே மாட்டான். ஒரு தாய்க்கு இதைவிட என்ன வரம் வேண்டும்?"

அரங்கம் எழுந்து நின்றது. தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பக்கத்து நாற்காலிப் பெண் முத்துமீனாவின் கையைப் பிடித்து, "கொடுத்துவச்சவங்க நீங்க," என்றாள். எல்லோரும் தட்டுகிறார்களே என்று முத்துமீனாவும் தட்டினாள்.

முதல் பரிசு அவனுக்குத்தான். அவனைத் தினமும் பள்ளிக்கு அழைத்துப்போகும் ஆட்டோக்காரர் சங்கிலி கோப்பையை வாங்கிப் பார்த்து, "மாப்ள, அடுத்து மதுரையா? கலக்கு!" என்றார்.

ஆட்டோவில் போகும்போது அவள் கேட்டாள். "அம்புட்டும் நீயா எழுதுனது?"

"நானேதாம்மா. டீச்சர் ஒரு வரி மாத்தல."

அவன் முகம் வெயிலில் மின்னியது. அவள் வேறெதுவும் கேட்கவில்லை. இவனே சொல்லிவிட்டான், வாழ்கிறவனே சொல்லிவிட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரத்தை யாரோ இறக்கிவைத்த மாதிரியும் இருந்தது, அந்த இடத்தில் ஓட்டை விழுந்த மாதிரியும் இருந்தது.

பீமாராவ் வந்ததும், "ஆஸ்பத்திரிக்குப் போவோங்க," என்றாள். அவர் அவளைப் பார்த்துவிட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, சின்ன ஆபரேஷன் என்று முகேஷிடம் சொன்னார்கள். அவனைப் பார்த்துக்கொள்ளப் பீமாராவின் அக்கா முத்துத்தாய் வந்து தங்கினார். முத்துமீனா மதுரைக்குப் போய்விட்டு வந்தாள். வந்த அன்றே மகனைத் தூக்கப் போனவளை முத்துத்தாய் தடுத்து, "இன்னுங் கொஞ்ச நாளைக்கி நீ எதையும் தூக்கக் கூடாது," என்றார். முகேஷ் சிரித்தான். "என்னைய 'எதையும்'ங்கிறாங்க பாரும்மா." அவளும் சிரித்தாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

மதுரைப் போட்டிக்கு முந்தைய வாரம். முத்துத்தாய் ஊருக்குப் போயிருந்தார். மாலையில் முத்துமீனா இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே முகேஷ் சத்தமாகப் பேசிப் பழகிக்கொண்டிருந்தான்.

"என்னைப் போல் ஒருவன் பிறக்கவே கூடாது என்று அறிவியல் சொல்கிறது. அப்படியானால் நான் யார், நடுவர் அவர்களே? தவறிப்போய் வந்தவனா? நடக்க முடியாதவன் வாழக்கூடாது என்று யார் முடிவு செய்தது? ஒரு நாளாவது என்னிடம் கேட்டார்களா?"

அவள் மாவுக் கையோடு அறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னடா பேசுற?"

"மதுரைக்கும்மா. அதே தலைப்பு, இந்தத் தடவை எதிர்ப்பக்கம்."

"அன்னைக்கி வேற சொன்ன?"

"அன்னைக்கி சீட்டுல அந்தப் பக்கம் வந்துச்சு. சீட்டுக் குலுக்கித்தான்மா குடுப்பாங்க. எது வருதோ அதைப் பேசணும்." அவன் அவள் முகத்தைப் பார்த்துக் குழம்பினான். "ஏம்மா?"

"எது உண்மை? நீ எதை நினைக்கிற?"

அவன் யோசித்தான். "எனக்கு வலிக்கும். பயமாவும் இருக்கும். மருந்து வரணும், அது உண்மை. ஆனா நான் பெறக்காமலே போயிருக்கலாம்னு ஒருநாளும் நினைச்சதில்லம்மா. அன்னைக்கி அதைச் சொன்னா பரிசு கிடைக்கும்னு தெரியும், அதான் சொன்னேன். இப்ப எழுதுறப்பதான் அழுகை வந்துச்சு."

முத்துமீனா உள்ளே வந்தாள். அவன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். மறைத்துவிடலாம்தான். அவனுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டு, கட்டி என்று இன்னொரு முறை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னாள். பரிசோதனை, டாக்டர் சொன்னது, பிறகு ஆஸ்பத்திரி, எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பேச்சைக் கேட்டுத்தான் முடிவெடுத்தாள் என்பதை மட்டும் விழுங்கப் பார்த்தாள். அவன் விடவில்லை.

"நான் பேசுனதுனாலயா?"

"இல்லடா. நாங்க எடுத்த முடிவு."

"நான் பேசுனதுனாலயாம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பீமாராவ் வீட்டுக்கு வந்தபோது இருவரும் இருட்டிக்கொண்டு வந்த அறையில் விளக்குப் போடாமல் இருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் அவர் மகன் பக்கத்தில் மண்டியிட்டார்.

"ஒன் மாமாவ நீ பாக்கலடா. அம்மா பாத்திருக்கா. இன்னொரு புள்ள அப்பிடிக் கஷ்டப்படக் கூடாதுன்னுதான்..."

"நீங்க மாமாவப் பாத்து முடிவு பண்ணலப்பா," என்றான் முகேஷ். "தெனமும் என்னையப் பாக்குறீங்கள்ல. என்னையப் பாத்துத்தான முடிவு பண்ணீங்க?"

எந்தப் பிள்ளை எந்தக் கேள்வி கேட்டாலும் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிற மனுஷன் எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்துத் தெருவில் அவர் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

முகேஷ் இரண்டு நாள் பேசவில்லை. கோபித்துக்கொண்டு அறையை விட்டுப் போகவோ கதவை அறையவோ அவனால் முடியாது. ஊட்டினால் தின்றான், குளிப்பாட்டினால் குளித்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டிலில் படுக்கவைத்தபோது முதல்முறையாக வாய் திறந்தான்.

"சுவத்துப் பக்கம் திருப்பிவிடும்மா. ஒன்னையப் பாக்கப் பிடிக்கல."

அவள் அவன் இடுப்புக்கும் தோளுக்கும் கை கொடுத்து, கால்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முதுகுக்குத் தலையணை வைத்து, அவனைத் தன்னிடமிருந்து திருப்பிவிட்டாள். வலிக்காமல் திருப்ப அவளுக்கு மட்டும்தான் தெரியும். பிறகு தரையில் உட்கார்ந்து அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்துச் சுவரைப் பார்த்தபடியே கேட்டான். "அவன் என்னைய மாதிரியே இருந்திருப்பான்ல?"

"ம்."

"நான் அவனுக்கு எல்லாஞ் சொல்லிக் குடுத்திருப்பேன். எப்பிடி விழுந்தா அடிபடாது, யாருகிட்ட ஒதவி கேக்கலாம், யாருகிட்ட கேக்கக் கூடாது. எனக்குச் சொல்லிக் குடுக்க யாருமே இல்ல." குரல் உடைந்தது. "எம்புட்டுப் பயந்தேன் தெரியுமா நானு?"

அவள் எழுந்து அவன் தலையில் கை வைத்தாள். அவன் தட்டிவிடவில்லை. தட்டிவிடும் தெம்பு தோளில் இல்லாததாலா, மனம் இல்லாததாலா என்று அவளுக்குத் தெரியவில்லை. கையை எடுக்கவும் பயந்து அப்படியே நின்றாள்.

மதுரைப் போட்டிக்கு அவன் போகவில்லை. காய்ச்சல் என்று டீச்சரிடம் சொல்லச் சொன்னான். அவனுக்குப் பதிலாக அஸ்வினி போய்ப் பேசினாள். அதற்கடுத்த திங்கட்கிழமை காலையில் சங்கிலி ஆட்டோவை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தபோது, முத்துமீனா குனிந்து மகனின் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு அவனைத் தூக்கினாள். அவன் முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டான். அவளுடைய காதோரம் அவன் மூச்சு மட்டும் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது.