தபாலில் தொலைந்த கடிதம்

ஆங்கில அகராதி ஆபீஸில் ஈனிட் தாக்ரேக்குச் சீட்டு பிரிக்கிற வேலை. ஒரு சொல் எங்கே கண்ணில் பட்டாலும், அந்த வாக்கியத்தைத் தேதியோடு சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். அதை அவள் அர்த்தவாரியாக அடுக்குவாள்.

அன்றைய சொல் 'ஷாம்பிள்ஸ்'. கூட வேலை செய்யும் சிரிலுக்கு வர வேண்டியது, அவன் காய்ச்சலில் படுத்ததால் இவளிடம் வந்தது. இறைச்சிக் கடையைக் குறித்த பழைய சீட்டுகளை இடப்பக்கம் வைத்தாள், கொலைக்களத்தைக் குறித்தவற்றை நடுவில், வெறும் அலங்கோலத்தைக் குறித்த புதியவற்றை வலப்பக்கம்.

ஒரு சீட்டில் கை நின்றது. "அவர் என்னை விட்டுப் போனதிலிருந்து வீடு ஷாம்பிள்ஸாகக் கிடக்கிறது..." தனிக் கடிதம், மார்ச் 1931. சீட்டின் கையெழுத்து எதிர் மேஜை மியூரியலுடையது.

கடிதம் ஈனிட் மியூரியலுக்கு எழுதியது. அன்று மியூரியல் எட்டிப் பார்க்கவில்லை. கடிதமே வந்து சேரவில்லை என்று பிறகு சாதித்தாள்.

சீட்டை அவள் முன் வைத்தாள் ஈனிட்.

மியூரியல் தேநீர்க் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "பேரு போடலையேடி. அந்த அர்த்தத்துக்கு இவ்வளவு நல்ல வாக்கியம் வேற கிடைக்கல."

"மூணு வருஷமா ரெண்டு பேரும் அந்தத் தபால்காரனைத் திட்டித் தீர்த்தோமே, பாவம்."

ஈனிட் பேனாவை எடுத்தாள்.

"மேற்கோளைப் பாதியில வெட்டக் கூடாது. நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்த."

மூன்று புள்ளிகளை அடித்துவிட்டு, மீதியை ஈனிட் தன் கையால் எழுதினாள்: "தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது, ஒரு நாளாவது வா."