அக்காவின் பெயரில் ஓர் இடுப்பெலும்பு

1

இந்தக் கதை என் கடைக்கு நடந்தே வந்தது. சிலருக்குக் கனவில் கதை வருமாம். எனக்கு வருவதெல்லாம் வைத்தியர் எழுதிய துண்டுச் சீட்டோடுதான். பதுளை பஸாரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், பெயர் ஷிபான். வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் எழுதுவேன். வியாபாரமும் என் எழுத்துக்கு இடைஞ்சல் தராமல் அடிக்கடி ஓய்ந்துகொள்கிறது.

ஒரு மத்தியானம் யசோதினி வந்து கல்சியம் மாத்திரை கேட்டாள். பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. படித்து மருத்துவ ஆராய்ச்சியில் உதவியாளராக இருக்கிறாள். "மாத்திரை யாருக்கு, மகள்?" என்று கேட்டேன். கடைக்காரன் தினமும் கேட்கிற கேள்விதான். கண்ணாடிப் பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்தபின் சொன்னதைத்தான் எழுதப் பார்க்கிறேன். எழுதலாமா என்று கேட்டதற்கு, பெயர்களை மாற்றிவிடச் சொன்னாள். மாற்றியிருக்கிறேன். (பெயர் மாறியதால் வந்த வினைதான் இந்தக் கதை. அதைச் சொல்லிச் சீண்ட அது நேரமில்லை.)

2

முதல் தொடக்கம்: 'பூமிக்கு மேலே நானூறு கிலோமீற்றர் உயரத்தில், எடையில்லாமல் மிதக்கும் ஒரு மனிதனின் இடுப்பெலும்பு மெல்ல மெல்ல...'

நிறுத்திவிட்டேன். நுவரெலியாவை விட உயரமான இடத்தை நான் பார்த்ததில்லை.

இரண்டாம் தொடக்கம்: 'பனி விலகாத தேயிலை மலையில், கூடை சுமந்து ஏறும் அந்தப் பெண்ணின் பாதங்கள்...'

இதையும் அடித்தேன். கலண்டர் படம். தோட்டத்தார் யாராவது வாசித்தால் புத்தகத்தாலேயே என் தலையில் ஒன்று வைப்பார்கள், அதுவும் நியாயம்தான்.

ஜோடனை வேண்டாம். நேரே வருகிறேன்.

3

விண்வெளிக்குப் போகிறவர்களுக்கு எலும்பு கரைகிறது. தாங்குவதற்கு எடை இல்லாததால், இனி நமக்கென்ன வேலை என்று எலும்பு தன் சத்தைக் கழற்றி விட்டுவிடுகிறது. இங்கே வயதான ஒரு பெண் ஒரு வருடத்தில் இழப்பதை, அங்கே ஒருவர் ஒரு மாதத்தில் இழக்கக்கூடும். செவ்வாய்வரை போய் இறங்குகிறவர் முதல் அடியிலேயே இடுப்பு முறிந்து விழுந்தால் என்ன செய்வது? அதற்கு என்ன மருந்து, எவ்வளவு, எப்போது என்று ஒரு நாடு தனியாக இருந்து கண்டுபிடிக்க முடியாது. இதுவரை விண்வெளிக்குப் போன அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தினாலும் ஒரு பெரிய தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குத்தான் ஆள் தேறும்.

ஆகவே பல நாடுகள் கூடின. ஜெர்மனியில் ஆட்களைத் தலை தாழ்த்திக் கட்டிலில் வாரக்கணக்காகப் படுக்க வைத்தார்கள். கனடாவில் மருந்தைப் பார்த்தார்கள். ஜப்பானிலிருந்து டொக்டர் இனோவே என்ற அம்மா எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினார். அவருக்கு ஒரு யோசனை. வாழ்நாள் முழுக்கச் செங்குத்து மலையில் சுமையோடு ஏறி இறங்கியவர்கள் ஒருநாள் சுமையை இறக்கிவைத்தால், அவர்கள் எலும்பும் விண்வெளி வீரரின் எலும்பைப் போலவே நடந்துகொள்ளுமா? அப்படிப்பட்ட பெண்கள் எங்கே கிடைப்பார்கள் என்று கூட்டத்தில் கேட்டபோது, கடைசி வரிசையிலிருந்து கையைத் தூக்கியவள் யசோதினி.

அந்தக் கையைத் தூக்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போது சொல்கிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் கதைக்குள் வருவதே அந்தக் கையால்தான்.

ஏற்பாடு இதுதான்: ஓய்வுபெறப் போகும் பெண்களை வேலையில் இருக்கும்போது ஒருமுறை அளப்பது, ஓய்வு கொடுத்துப் பேர் வெட்டி ஒரு வருடம் போனபின் இன்னொரு முறை அளப்பது. எலும்பை அளக்கிற இயந்திரம் ஒரு வேனில் தோட்டத்துக்கே வரும். எலும்பு நொய்ந்துபோனவர்களுக்கு ஊசியும் மாத்திரையும் இலவசம். தோட்டத்து வரிசை வீடுகளில், லயம் லயமாக ஏறி இறங்கி யசோதினி ஆள் சேர்த்தாள். முதலில் தலையாட்டியவள் அடுத்த வீட்டுப் பாக்கியலெட்சுமி. யசோதினியைத் தூக்கி வளர்த்த பெரியம்மா.

4

இரண்டாம் அளவுக்கு வேன் வந்த அன்று, லுணுகலையில் பாக்கியத்தின் சம்பந்தி இறந்துபோனார். அவள் விடியுமுன்னே பஸ் ஏறிவிட்டாள். போகும்போது தங்கை ஜெயலெட்சுமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த இடத்தில் தோட்டம் தெரியாத வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் ஒருத்தியால் வேலைக்குப் போக முடியாவிட்டால் இன்னொருத்தி அவள் பேரில் மலைக்குப் போவாள். வேலையை மேற்பார்க்கிற கங்காணிக்கும் அது தெரியும். ஆள் வந்ததா, கொழுந்து வந்ததா, சம்பளக் கணக்கில் பேர் விழுந்ததா, அவ்வளவுதான். யாரும் இதை ஏமாற்று என்று நினைப்பதில்லை. ஒத்துக்கொண்ட இடத்தை வெறுமையாக விடாமல் இருப்பது வீட்டுக்கு மரியாதை. ஜெயம் இன்னும் வேலையில் இருப்பவள். அன்று தன் அரைநாள் பேரை விட்டுக்கொடுத்து, அக்காவின் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, நல்ல சேலை உடுத்தி வேனுக்குப் போனாள். நம்ம புள்ள கூப்பிட்ட இடம், ஆள் இல்லையென்றால் அவளுக்குத்தானே தலைகுனிவு.

அட்டையிலிருந்த படம் மிகப் பழையது. அக்கா தங்கை இருவருக்கும் ஒரே சாடை. இயந்திரத்தோடு கொழும்பிலிருந்து வந்த கஜேந்திரன் பெயரைக் கேட்டார். ஜெயம் அக்காவின் பெயரைச் சொன்னாள். ஏறிப் படுத்தாள். எழுந்து, கொடுத்த பணிஸ் ரொட்டியைத் தின்றுவிட்டு மலைக்குப் போனாள்.

யசோதினி அங்கே இருந்திருந்தால் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்திருப்பாள். அவள் இல்லை. வெளிநாட்டு விருந்தாளிகள் வந்திருந்தார்கள், ஆங்கிலமும் சிங்களமும் தெரிந்தவள் இவள் ஒருத்தி. அவர்களைத் துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். அன்று எடுத்த படத்தை எனக்குக் காட்டினாள். பின்னால் அருவி கொட்டுகிறது. நாலு நாட்டுக்காரர்கள் தோளில் கை போட்டு நிற்கிறார்கள். நடுவில் இவள் வாய்கொள்ளாமல் சிரிக்கிறாள். அதை அழிக்கவும் மனம் வரவில்லையாம், பார்க்கவும் முடியவில்லையாம்.

5

பாக்கியலெட்சுமி என்ற பெயருக்கு நேரே வந்த முடிவைப் பார்த்து ஜப்பான்வரை ஆடிப்போனார்கள். ஒரே வருடத்தில் இடுப்பெலும்பு அப்படிச் சரிந்திருந்தது. விண்வெளியில் உடற்பயிற்சி இல்லாமல் மிதந்தவருக்குச் சரிவதைப் போல என்றார் டொக்டர் இனோவே. அவருடைய யோசனைக்கு உயிருள்ள சாட்சி கிடைத்துவிட்டது. அளந்த பெண்களோ கொஞ்சம் பேர். அந்த ஒரு எண்ணின் கனத்தில் ஆராய்ச்சியின் தட்டு சாய்ந்தது. எங்கள் ஊவா மாகாணத்துக்கு வேன் இன்னும் சில வருடங்கள் வரும், வைத்தியமும் தொடரும் என்று முடிவானது.

(எனக்கு யசோதினி மேல் இங்கேதான் சந்தேகம். கெட்டிக்காரி, எண்ணைப் பார்த்ததும் நெருட வேண்டாமா? கேட்டேன். எல்லாரும் சந்தோசமா இருந்தாங்க நானா, நானும் இருந்துட்டேன் என்றாள். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பதிலை மெருகேற்றி எழுதிப் பார்த்தேன். மெருகேறவில்லை, விட்டுவிட்டேன்.)

யசோதினி ஊசியையும் மாத்திரையையும் எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஓடினாள். இனி விறகு தூக்கக் கூடாது, தண்ணீர் தூக்கக் கூடாது, படியில் இறங்கும்போது ஆள் துணை வேண்டும் என்று பெரியம்மாவுக்குப் படித்துப் படித்துச் சொன்னாள். பாக்கியம் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் ஜெயம் கூடையைக் கழற்றாமலே நின்று கேட்டாள். இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது. இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

திறக்காததற்கு அவரவர் காரணம் இருந்தது. உண்மை தெரிந்தால் பிள்ளையின் வேலை போய்விடும் என்பது அக்காவின் பயம். தனக்கு எலும்பு நொய்ந்துபோனது கங்காணிக்குத் தெரிந்தால் மலைக்கு அனுப்பமாட்டார், பேர் வெட்ட இன்னும் காலம் இருக்கிறது, வீட்டில் உழைக்கிறவள் தான் ஒருத்தி என்பது தங்கையின் கணக்கு. மாத்திரையை மட்டும் பாக்கியம் தங்கைக்குக் கொடுத்தாள். ஊசியைக் கொடுக்க முடியாதே. அது அக்காவின் உடம்பில் ஏறிவிட்டது.

6

ஜெயம் விழவில்லை. மழை பெய்த மலையில் கால் வழுக்கி, சும்மா உட்கார்ந்தாள். கூடையில் பாதிக் கொழுந்துகூட இல்லை. எழும்ப முடியவில்லை.

பதுளை ஆஸ்பத்திரிக்கு யசோதினி வந்தபோது பாக்கியம் வார்டு வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது என் எலும்பு இல்ல பாப்பா. அன்னிக்கு வேன்ல படுத்தது இவதான்."

யசோதினிக்கு முதலில் கோபம்தான் வந்தது. அதை எழுதாமல் விட்டால் அவளைப் புனிதவதி ஆக்கிவிடுவேன். என் படிப்பைக் குப்பையில் போட்டுட்டீங்களே என்று வார்டு கேட்கக் கத்தினாள். கத்தியபின்தான் கட்டிலைப் பார்த்தாள். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஜெயம் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் சின்னம்மா எங்கிட்ட சொல்லல?"

"யாரு வந்திருக்கீங்கன்னு அங்க யாரும் கேக்கல பாப்பா. பேரு என்னன்னுதான் கேட்டாங்க. குடுத்தேன்."

இன்னொன்றும் சொன்னாள்.

"இப்பவும் நீ ஒண்ணும் சொல்லிக்காத. வேன் வரட்டும். மத்தவளுகளும் படுத்துப் பாக்கட்டும்."

அடுத்த ஊசி பாக்கியத்துக்கு வந்தபோது அவள் கையை நீட்ட மறுத்துவிட்டாள். தங்கைக்குச் சேர வேண்டியதை ஒருதடவை வாங்கினதே ஆயுசுக்கும் போதும் என்றாளாம்.

7

இனி முடிவு. இரண்டு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. யசோதினி உண்மையைச் சொல்கிறாள். அந்த எண்ணை நீக்குகிறார்கள். நீக்கியதும் தட்டு மறுபக்கம் சாய்கிறது. ஓர் இடத்தில் ஆள் மாறியிருந்தால் எத்தனை இடத்தில் மாறியதோ என்று ஊவாவின் அளவுகள் எல்லாவற்றையும் ஒதுக்குகிறார்கள். வேன் வருவதில்லை. டொக்டர் இனோவே நேர்மைக்கு நன்றி என்று எழுதுகிறார். லயத்தில் யாரும் அவளுக்கு நன்றி...

இரண்டு. அவள் சொல்லவில்லை. வேன் வருகிறது. பெண்கள் ஏறிப் படுக்கிறார்கள், நாலைந்து பேரின் இடுப்பு முறியாமல் தப்புகிறது. ஆனால் ஜெயத்தின் எலும்பு பாக்கியத்தின் பெயரில் மருந்துக் கணக்கில் ஏறுகிறது. என்றோ ஒருநாள் யாரோ ஒரு விண்வெளி வீரர் அந்தக் கணக்கை நம்பி ஊசி போட்டுக்கொண்டு...

இரண்டும் பிடிக்கவில்லை. எனக்கு ஆசையான முடிவு மூன்றாவது. கதை எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு, நடந்ததைத் திருத்தலாம். ஆகவே துன்ஹிந்தவுக்குப் போன வண்டியைப் பழுதாக்கினேன். யசோதினியை வேன் வாசலில் நிறுத்தினேன். நல்ல சேலையில் ஜெயம் வருகிறாள். "நீங்க ஏன் வந்தீங்க சின்னம்மா? பெரியம்மா எங்க?" என்று யசோதினி கேட்கிறாள். ஜெயம் வெட்கப்பட்டுச் சிரிக்கிறாள். யசோதினி அவளுக்கு ஒரு பணிஸைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று பேனாவை வைத்தேன்.

தேநீர் குடித்துவிட்டு வாசித்துப் பார்த்தேன், பேனாவை மறுபடி எடுத்தேன். ஜெயத்தின் பெயர் ஆராய்ச்சியில் இல்லை. அவளை யாரும் அளக்கப் போவதில்லை. திருப்பி அனுப்பிய ஜெயம் மலைக்குத்தான் போவாள். மழை பெய்யும். கால் வழுக்கும். ஒரு மாத்திரைகூட உள்ளே போகாத எலும்போடு உட்காருவாள். எல்லாரும் சரியாக நடந்துகொண்டாலும் அவள் இடுப்பு முறிகிறது. அந்தப் பொய் நடந்த ஒரு காலையில் மட்டும்தான் இந்த உலகத்தில் யாரோ அவள் எலும்பை எட்டிப் பார்த்தார்கள். பார்த்தும் அது அவளுக்கு உதவவில்லை. இதை எந்தத் தொடக்கத்தாலும் திருத்த எனக்குத் தெரியவில்லை. என்னை மன்னியுங்கள்.

8

இன்று கூட்டம். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே நடக்கிறது. தோட்டத்தில் இணைய இணைப்புச் சரியில்லை என்று யசோதினி என் கடையின் பின்னறையில் மடிக்கணினியோடு இருக்கிறாள். மருந்துப் பெட்டிகளை ஓரம் தள்ளி இடம் செய்து கொடுத்தேன். ஜெர்மனி பேசி முடித்துவிட்டது. கனடா பேசுகிறது. அடுத்தது இலங்கை, ஆள் சேர்த்தவள் என்பதால் யசோதினிதான் பேச வேண்டும். இறுதி அளவுகளை ஒவ்வொரு நாடும் உறுதிப்படுத்த வேண்டும், ஆம் என்ற ஒரு சொல் போதும்.

சற்று முன் ஒலியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்து, "சொல்லிரவா நானா?" என்று கேட்டாள். முன்னால் ஆள் வந்த சத்தம் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். யாரும் வரவில்லை. கல்லாவுக்குப் பின்னால் நின்று இந்த வரியை எழுதுகிறேன்.

டொக்டர் இனோவேயின் குரல் அவள் பெயரைச் சொல்வது இங்கே கேட்கிறது. பின்னறைக் கதவு திறந்தேதான் இருக்கிறது. நான் எழுந்த நாற்காலி அவளுக்குப் பக்கத்தில் காலியாக இருக்கிறது. நீங்கள் போய் உட்காருங்கள். உங்களையும் அவள் கேட்பாள்.