விரிசலுக்குள் மஞ்சள்

கொழுந்தனின் மரப்பட்டறைக்குப் பின்னால், கூரையை ஒட்டி நிற்கும் பாறையில் அண்ணி மூச்சு வாங்க ஏறினாள். கல்லூரியில் இருபது வருடமாகக் கல்பாசியைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள், பாறையைக் கண்டால் சும்மா போவாளா? மூன்று வாரத்துக்கு முன் கொழுந்தன் இதன் விரிசலைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். "உள்ள மஞ்சளா கல்பாசி படர்ந்திருக்கு. அது வளர பல வருஷம் ஆகும். பழைய விரிசல்தான், பயப்படாதே" என்று பதில் போட்டுவிட்டு மறந்தும் போனாள். அவனும் அண்ணி சொன்னால் சரி என்று கீழே மனைவியோடும் ஆறு ஆட்களோடும் வேலையை நடத்திக்கொண்டிருந்தான்.

பாறையின் மேல்முகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு அசல் கல்பாசி இருந்தது. மஞ்சள் கட்டங்கள், நடுநடுவே கறுப்புப் புள்ளிகள், சுற்றிலும் மை இழுத்தாற்போல் கறுப்பு விளிம்பு. ஆனால் விரிசல் அந்த வட்டத்தை நட்டநடுவே கிழித்திருந்தது. கிழிந்த ஓரத்தில் புது வளர்ச்சி துளியும் இல்லை. கல்பாசி வளர்ந்த பிறகு, அதுவும் அண்மையில் விழுந்த பிளவு இது.

அப்படியானால் உள்ளே தெரியும் மஞ்சள்? லென்ஸை வைத்தாள். கட்டமில்லை, புள்ளியில்லை, விளிம்பில்லை. பாட்டில் தண்ணீரை ஊற்றினாள். கல்பாசி என்றால் ஈரம் பட்டதும் பச்சை தட்டும், கல்லை விட்டு வராது. இதுவோ கூழாகி விரலோடு வந்துவிட்டது. நிறத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன தன் வாயில் நாலு போடலாம் போலிருந்தது.

சறுக்கி இறங்கி ஓடினாள். ரம்பத்தின் இரைச்சலில் அவள் கத்தியது யார் காதிலும் விழவில்லை. மெயின் சுவிட்சை இறக்கினாள்.

"என்ன அண்ணி வெளையாட்டு? நாளைக்குக் காலைல பத்து கதவு போகணும்!"

"எல்லாரையும் வெளிய கூப்பிடு தம்பி. பாறை இப்பதான் பிளந்திருக்கு."

"நீங்கதானே பழசுன்னு சொன்னீங்க?"

ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மானத்தைப் பார்க்கும் நேரமா இது?

"தப்பா சொன்னேன். போட்டோவப் பாத்து உளறிட்டேன்."

"இப்ப மட்டும் உளறலன்னு எப்படி நம்புறது?"

அவள் உள்ளங்கையை நீட்டினாள். "விரிசலுக்குள்ள இருந்தது. மோந்து பாரு."

முணுமுணுத்தபடி குனிந்தான். மர வாசனையில் அவனை ஏமாற்ற ஆளில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"பலா. நம்ம ரம்பத்தூள்."

"அடி வரைக்கும் இதேதான், வேற தூளே இல்ல. பலா எப்ப அறுக்க ஆரம்பிச்ச?"

"போன மாசம்." அதற்கு முன் பத்து வருடமாக அங்கே தேக்கு மட்டும்தான்; பழைய விரிசலென்றால் அடியில் தேக்குத் தூள் இருந்திருக்கும். அவன் திரும்பிக் கத்தினான். "போட்டது போட்டபடி வெளிய போங்க! ஓடுங்க!"

எதிர்ப்பக்கத்துச் சாலையோரத்தில் நின்று தலைகளை எண்ணினார்கள். எல்லோரும் இருந்தார்கள். பாறை அப்படியேதான் நின்றது.

"நல்ல நேரத்துல வந்தீங்க டீச்சர்" என்றார் ஒருவர். அவளுக்குச் சுருக்கென்றது.

"மூணு வாரம் அதுக்கடியில உங்கள உக்கார வெச்சதே நான்தானே" என்று அழுதுவிட்டாள்.

கொழுந்தனின் மனைவி அவள் கையை இறுகப் பிடித்தாள். "பள்ளிக்கூடம் விடுற நேரம் அக்கா. எங்க பாப்பா பின்வழியா வந்து அந்தப் பாறைச் சுவத்தோரம்தான் தெனம் படுத்துத் தூங்குவா."

அண்ணி கண்ணைக்கூடத் துடைக்காமல், குழந்தையை வழியிலேயே மறிக்கப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓடினாள்.