இனோகேயின் படகுத் தக்கை

புதன்கிழமை மதியம், கடற்கரையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, கெலேரா தன் கணவனின் படகுக்குப் பின்னால் மண்டியிட்டு, மழைத் தண்ணீர் வடிய அடியில் விட்டிருக்கும் துளையை அடைத்த ரப்பர் தக்கையைப் பிடுங்கினாள். லேசில் வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம்தான் இனோகே அதை உள்ளங்கையால் அறைந்து அறைந்து இறுக்கியிருந்தான். கத்தியின் பிடியால் நெம்பி, இரண்டு கையாலும் திருகி இழுத்த பிறகு கைக்கு வந்தது. ராத்திரி பெய்த மழைத் தண்ணீர் துளை வழியே கொஞ்சம் வடிந்து நின்றது. படகு மணல்மேட்டில் இருந்தது. அது கடலில் இறங்கப் போவது நாளைக் காலையில், மகள் டிட்டிலியாவை லெவுகா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக. சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டம் ஐந்து மணிக்குள் முடிந்துவிடும். வந்து செருகிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இவ்வளவு திருட்டுத்தனத்துக்கும் காரணம் ஒரு வெங்காயம். ஐக்கியத்தில் வாரம் ஒருத்தியின் முறை. வீட்டிலிருந்து கைபட்டுப் பழகிய சாமான் ஒன்றைக் கொண்டுவந்து பாயின் நடுவில் வைத்து, அதை வைத்து விசுவாசத்தைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும். பிறகு அந்தச் சாமான் கைமாறிக் கைமாறி எல்லோரிடமும் போய்வரும். போன முறை கெலேரா ஒரு வெங்காயத்தைக் கொண்டுபோனாள். பாவத்தைத் தோல் தோலாக உரித்தால் உள்ளே சுத்தமான இருதயம் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே உரித்தாள். உரித்து உரித்துக் கடைசியில் உள்ளே ஒன்றும் இல்லை. கண்ணில் தண்ணீர் வழிய வெறுங்கையோடு நின்றவளைப் பார்த்துக் கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நாத்தனார் மகெரெட்டா அன்றிலிருந்து அவளை 'வெங்காயப் பிரசங்கி' என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த மகெரெட்டா போன வாரம் பழைய தேங்காய் துருவி ஒன்றை வைத்துக்கொண்டு பேசிய பேச்சில் போதகரம்மாவே மூக்கைச் சிந்தினார். இந்த முறையும் தோற்றால் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ஒரு வாரமாகக் கெலேராவுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று மணிக்குக் கோயிலை ஒட்டிய கூடத்தில் பதினான்கு பெண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். மகெரெட்டாவைக் காணவில்லை. அதுவே கெலேராவுக்குப் பாதி தைரியம் தந்தது. கருப்பாக, ஒரு கோழிமுட்டை அளவுகூட இல்லாத அந்தத் தக்கையைப் பாயில் வைத்தாள்.

"இது என்னன்னு எல்லாருக்கும் தெரியும். இதை யாரும் துடைச்சு வைக்கிறதில்ல, மாலை போடுறதில்ல. படகு வந்தா, 'ஆகா, என்ன இன்ஜின்'னுதான் சொல்றோம். ஆனா அவ்வளவு பெரிய சமுத்திரத்தை வெளியவே நிறுத்தி வைக்கிறது இந்த ஒண்ணுதான். விசுவாசமும் அப்படித்தான். இருக்கிறப்போ கண்ணுக்குத் தெரியாது. இல்லாதப்போ..." என்று நிறுத்தினாள். அடுத்து என்ன சொல்வது என்று மறந்துபோய்த்தான் நிறுத்தினாள். ஆனால் அந்த நிறுத்தம் எல்லோரையும் உலுக்கிவிட்டது. போதகரம்மா கண்ணை மூடிக்கொண்டு, "ஆமென்" என்றார். அந்த ஆமென் எழுத்துக்கூட்டி வாசித்ததுபோல அத்தனை நிதானமாக வந்தது. கெலேராவுக்குக் காதுவரை சூடேறியது. ஜெயித்துவிட்டேன் என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

தக்கை கைமாறத் தொடங்கியது. ஒவ்வொருத்தியும் அதை உருட்டிப் பார்த்து, முகர்ந்து, பக்கத்தில் கொடுத்தாள். அது பாதி வட்டம் போயிருக்கும்போது மகெரெட்டா உள்ளே வந்தாள். பாவாடை முழங்கால்வரை நனைந்திருந்தது. காலில் மணல்.

"மன்னிச்சுக்குங்க போதகரம்மா, படகு தள்ளப் போயிட்டேன்" என்று மூச்சு வாங்கக் கடைசியில் உட்கார்ந்தாள். பிறகு பாயின் அந்தப் பக்கத்திலிருந்து கெலேராவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணி, அண்ணன் உங்ககிட்டச் சொல்லச் சொல்லுச்சு. நாளைக்குக் காத்து பலமா அடிக்கும்னு ரேடியோவுல சொன்னாங்களாம். அதனால புள்ளையை இன்னைக்கே கூட்டிட்டுக் கிளம்பிருச்சு. நீங்க பிரசங்கம் பண்ணிட்டிருப்பீங்க, நடுவுல போய்க் கெடுக்காதேன்னுச்சு."

கெலேரா தக்கை யார் கையில் இருக்கிறது என்று தேடினாள். அதற்குள் தக்கை மகெரெட்டாவின் கைக்கு வந்துவிட்டது.

"என்ன அண்ணி, இந்தத் தடவை வெங்காயம் இல்லையா? இது நம்ம அண்ணன் படகுத் தக்கை மாதிரியே..." என்று சிரிக்க ஆரம்பித்தவள், அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினாள்.

"அதுதான்" என்றாள் கெலேரா.

கூட்டம் முழுவதும் எழுந்து கடற்கரைக்கு ஓடியது. மணல்மேட்டில் படகு இழுபட்ட தடம் மட்டும்தான் இருந்தது. படகு பவளத்திட்டுக்கு உள்ளே, அமைதியான தண்ணீரில், வெள்ளை நுரைக்கோடு கிழித்துக்கொண்டு வாய்க்காலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பவளத்திட்டில் படகு வெளியேற இருக்கும் ஒரே இடைவெளி அந்த வாய்க்கால்தான். அதைத் தாண்டினால் பெருங்கடல். இனோகேயைக் குறை சொல்ல முடியாது. தன் கையால் நேற்று அறைந்து இறுக்கியதை இன்று யார் குனிந்து பார்ப்பார்கள்? அடியில் புகும் தண்ணீரும் பலகைக்குக் கீழேதான் இருக்கும், உடனே கண்ணுக்குத் தெரியாது. கிராமத்தின் மற்ற இரண்டு படகுகளும் சந்தைக்குப் போயிருந்தன.

"நான் போய் முரசைக் கொட்டுறேன். சத்தம் கேட்டா நிறுத்தித் திரும்பிப் பார்க்கும்" என்று மகெரெட்டா கோயில் மரமுரசை நோக்கித் திரும்பினாள்.

கெலேரா அவள் கையை எட்டிப் பிடித்தாள். "வேணாம்டி!"

"ஏன் அண்ணி?"

"நிறுத்தினாத்தான் ஆபத்து!"

மகெரெட்டாவுக்கு ஒரு நொடியில் புரிந்தது. தீவுக்காரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேகமாக ஓடும் படகில் தண்ணீர் தங்காது. உள்ளே புகுந்ததும் அதே துளை வழியாக வெளியே உறிஞ்சப்பட்டுவிடும். நின்றால்தான் கடல் உள்ளே வரும். நடுவில் எங்கும் நிறுத்தாமல் லெவுகாவரை போய்விட்டால் துறையில் முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கிக்கொள்ளலாம். போதகரம்மா அதற்குள் கைப்பேசியை எடுத்து டிட்டிலியாவின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். கெலேரா அதையும் பிடுங்கிக்கொண்டாள். "மணி அடிச்சா, 'இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, நிறுத்துங்கப்பா'ன்னுதான்மா அவ சொல்லுவா." எந்த வழியில் சேதி அனுப்பினாலும் அது படகை நிறுத்தித்தான் சேரும். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் பெண்கள் மணலில் நின்றார்கள். வெள்ளைத் துணியை வீசப் போன ஒருத்தியை இன்னொருத்தி பிடித்து உட்காரவைத்தாள்.

அப்போதுதான் கெலேராவுக்கு அது நினைவுக்கு வந்தது.

யாரும் கூப்பிடாவிட்டாலும் இனோகே நிறுத்துவான். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அவன் தம்பி அந்த வாய்க்காலில் போனவன் திரும்பவில்லை. அதன் பிறகு கெலேராதான் சத்தியம் வாங்கினாள், வாய்க்காலுக்கு முன்னால் இன்ஜினை அணைத்து, தொப்பியைக் கழற்றி, எழுந்து நின்று, ஒரு பரமண்டல ஜெபம் சொல்லிவிட்டுத்தான் பெருங்கடலில் இறங்க வேண்டும் என்று. "ஏன், இன்ஜின் சத்தத்துல கடவுளுக்குக் காது கேக்காதா?" என்று அவன் அன்று கேட்டான். "உங்களுக்குத்தான் கேக்காது" என்று அவள் சொன்னாள். அதோடு விட்டாளா? மகளுக்கு ஆறு வயதாக இருக்கும்போதே சொல்லிப் பழக்கியிருந்தாள், அப்பா மறந்தால் நீ ஞாபகப்படுத்த வேண்டும் என்று. அவன் மறந்தாலும் டிட்டிலியா விடமாட்டாள். நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, தொப்பி" என்பாள். அந்த இன்ஜினோ ஒரு முறை அணைத்தால் பத்து இழுப்புக்கு முன்னால் பேசாது. போன மாதம் அதே இடத்தில் அரைமணி நேரம் சண்டித்தனம் பண்ணியது. டிட்டிலியாவுக்கு ரத்த அழுத்தம் வேறு, கால் வீங்கி, நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது. அவளால் நீந்த முடியாது.

கெலேரா தண்ணீருக்குள் இறங்கி நடந்தாள். எதற்கு இறங்குகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மகெரெட்டா கூடவே வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"என் புத்தி இப்படிப் போச்சே மகெரெட்டா. நாலு பொம்பளைங்க முன்னாடி பேர் வாங்கணும்னு..."

"நான்தான் அண்ணி உங்களை ஓட்டிக்கிட்டே இருந்தேன். வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தேனா?"

"இப்ப என்னன்னு ஜெபம் பண்றது சொல்லு. எனக்கு வாய் வரல."

மகெரெட்டா அவள் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கெலேரா வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். "ஆண்டவரே, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அவரு உம்மை மறந்துரட்டும். புள்ளையும் மறந்துரட்டும். ஜெபமும் வேணாம், ஒண்ணும் வேணாம். அப்படியே போகட்டும்."

ஐக்கியத்தில் இப்படி ஒரு விண்ணப்பத்தை யாரும் கேட்டதில்லை. எல்லோரும் போதகரம்மாவைப் பார்த்தார்கள். அவர் கரையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் வந்து நின்று, "ஆமென்" என்றார். இந்த முறை அது நிதானமாக வரவில்லை.

இன்ஜின் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. படகு வாய்க்காலை நெருங்கியது. நுரைக்கோடு நீண்டுகொண்டே போனது. போ, போ என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். யாரோ ஒருத்தி, "தாண்டிருச்சு, தாண்டிருச்சு" என்று கத்தக்கூடச் செய்தாள்.

சத்தம் தணிந்தது. பிறகு அடியோடு நின்றது.

நுரைக்கோடு மங்கியது. படகு ஒரு கரும்புள்ளியாக ஆடிக்கொண்டிருந்தது. அதில் ஓர் உருவம் எழுந்து நின்றது. தொப்பி தெரிகிற தூரமில்லை. ஆனால் அவன் நிற்பது தெரிந்தது. பக்கத்தில் இன்னோர் உருவமும் மெல்ல எழுந்தது.

"உக்காருடி, கண்ணு, உக்காரு" என்றாள் கெலேரா. பிறகு பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினாள். ஒரு வார்த்தையின் வாலை அடுத்த வார்த்தை மிதிக்க அவ்வளவு அவசரமாகச் சொன்னாள். மூச்சுவிட்டு நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று எப்போதும் கண்டிக்கும் போதகரம்மாவும் அதே ஓட்டத்தில் கூடச் சொன்னார். பதினைந்து பெண்களும் சொன்னார்கள். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

இத்தனை வருடமாக, கடனே என்று ஒப்பிக்காதீங்க என்று அவள் அவனைத் திட்டியிருக்கிறாள். மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிப் போகும் நாளில் அவன் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தான். கெலேராவுக்கு அது இங்கிருந்தே கேட்டதுபோல இருந்தது. அவன்மேல் ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கிற மாதிரி இல்ல?" என்று ஒருத்தி கேட்டாள்.

ஓர் உருவம் உட்கார்ந்தது, அது டிட்டிலியாவாகத்தான் இருக்க வேண்டும். இனோகே குனிந்தான். அவன் தோள் ஒருமுறை பின்னால் சாய்ந்தது. இன்னொரு முறை. இன்னொரு முறை. கயிறை இழுக்கிறானா, தண்ணீரை வாரி இறைக்கிறானா என்று சொல்ல முடியவில்லை. நாலாவது முறை அவன் தோள் சாய்ந்தபோது படகுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ எழும்பியது. இன்ஜின் புகையாகவும் இருக்கலாம், பவளத்திட்டில் உடையும் அலையாகவும் இருக்கலாம். இன்ஜின் பிடித்திருந்தாலும், அவ்வளவு தூரத்திலிருந்து சத்தம் வந்து சேரக் கொஞ்சம் நேரம் ஆகும். அதற்குள் இடுப்பளவு தண்ணீருக்கு வந்துவிட்ட பெண்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்து, கடல் பக்கம் காதைக் கொடுத்து நின்றார்கள்.