அக்கா ரூம்

பேயோடு தையல்காரிக்கு எந்தச் சண்டையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் பின்னால் நடந்ததைத் தப்பாகப் புரிந்துகொள்ள நேரும்.

பேய் இருக்கும் வீடு என்று தெரிந்துதான் குடிவந்தார்கள். சாவி கொடுக்க வந்தவர் வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே ஒரு கால்கூட வைக்காமல், விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டார். அந்த வீட்டில் தனியாக வாழ்ந்த ஒரு அம்மாள் பின்பக்க அறையில் உட்கார்ந்தபடியே இறந்துபோனாராம். இறந்தாரே தவிர, அறையைக் காலி செய்யவில்லையாம். அதற்குப் பிறகு வந்த குடும்பம் எதுவும் அங்கே நிலைக்கவில்லையாம். "இருந்துட்டுப் போகட்டும், நாம என்ன அவங்களுக்கா சமைக்கப் போறோம்" என்று தையல்காரி தமிழில் சொன்னாள். பக்கத்தில் நின்ற டிரைவர், அதாவது அவள் கணவன், சத்தமாகச் சிரித்தான். நகரப் பேருந்து ஓட்டுகிறவன். நாள் பூராவும் நெரிசலோடு மல்லுக்கட்டுகிறவனுக்குப் பேய் ஒரு பொருட்டா?

அவளுக்கு வேண்டியது அந்தப் பின்பக்க அறைதான். ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அவள் சாப்பாட்டு மேஜையில்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தெருமுனைச் சலவைக்கடையிலிருந்து பேண்டுகள் வரும், கால் மடித்து அடிக்க. ஜிப் போன ஜாக்கெட்டுகள் வரும். ஒவ்வொரு சாப்பாட்டு வேளைக்கும் மெஷினைத் தூக்கித் தரையில் வைக்க வேண்டும், துணியைக் கட்டிலுக்குக் கொண்டுபோக வேண்டும், நூல்பெட்டியை நாற்காலிக்கு அடியில் தள்ள வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் மேஜையைத் துடைத்து, ஈரம் காயும்வரை காத்திருந்து, எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். தூக்கித் தூக்கி இடுப்பு போனதுதான் மிச்சம். கல்யாண உடுப்பு, நீளக் கோட்டு மாதிரி பெரிய வேலைகளை விரித்துப்போட இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவாள். "வீடு மாறினா உனக்குன்னு ஒரு ரூம்" என்று வாக்குக் கொடுத்தது டிரைவர்தான்.

குடிவந்த அன்று மெஷினை அந்த அறைக்குள் தூக்கிக்கொண்டு போனதும் அவன்தான். கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. மூலையில் கிடந்த நாற்காலி தரையை உரசிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றது. யாராக இருந்தாலும் பயப்படுவார்கள், அதில் குற்றமில்லை. பயத்தில் அவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். வந்தது இதுதான்: "அக்கா, மன்னிச்சிடுங்க அக்கா, தெரியாம வந்துட்டேன்."

கதவு திறந்தது. அவன் மெஷினோடு வெளியே வந்து, அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தான்.

அதைப் பார்த்து அன்றைக்குத் தையல்காரி சிரித்தாள். அங்கேதான் அவள் ஏமாந்தாள். நம் ஆட்கள் ஒருத்தரை அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் அது கூப்பிட்டதோடு நிற்காது, உறவு வந்து ஒட்டிக்கொள்ளும். அவர்கள் மகள் ஒரு வாயாடி. அவள் உடனே கணக்குப் போட்டுவிட்டாள், அப்பாவுக்கு அக்கா என்றால் தனக்கு அத்தை என்று. ஆக, பெண் பார்க்காமல், தாலி கட்டாமல், தையல்காரிக்குப் புதிதாக ஒரு நாத்தனார் வந்து சேர்ந்தாள்.

நாத்தனாரும் தன் பங்குக்கு நாத்தனாராகவே நடந்துகொண்டாள். சமையலறையில் டப்பாக்கள் இடம் மாறின. கழுவிக் கவிழ்த்த தட்டுகள் நிமிர்ந்து கிடந்தன. இதையெல்லாம் தையல்காரி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உயிரோடு இருக்கும் நாத்தனார் ஊரில் இருக்கிறாள், வீடியோ காலிலேயே இதைவிட அதிகம் செய்வாள்.

தாங்க முடியாதது டிரைவரைத்தான். பின்பக்க அறைக்கு அவனே 'அக்கா ரூம்' என்று பெயர் வைத்தான். அந்தப் பக்கம் சத்தமாகப் பேசக் கூடாது, துணி காயப்போடக் கூடாது. வேலை முடிந்து வந்ததும் சாத்திய கதவைப் பார்த்து, "வந்துட்டேங்க அக்கா" என்பான். பிறகு டிபன்பாக்ஸைப் பெண்டாட்டி கையில் கொடுப்பான்.

ரூமைக் கொடுங்கள் என்று அவள் முதலில் நயமாகக் கேட்டாள். அப்புறம் நயமில்லாமல் கேட்டாள். அந்த ஜன்னல் வெளிச்சம் ஒரு நாற்காலிக்கு எதற்கு என்று கேட்டாள். அவன் குரலைத் தாழ்த்தி, "அக்கா கோவிச்சுக்குவாங்க" என்றான்.

"நான் கோவிச்சுக்கிட்டா?"

"நீ நம்ம ஆளுதானே."

அதை அவன் அன்பாகத்தான் சொன்னான். அதில்தான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்துப்போனவளின் கோபத்துக்கு இந்த வீட்டில் ஓர் அறை ஒதுக்கியாயிற்று. அவளுடைய கோபம் ஃப்ரிட்ஜ் சத்தம் மாதிரி, ஓடிக்கொண்டே இருக்கும், யார் காதிலும் விழாது.

இந்த நிலைமையில்தான் கல்யாண கவுன் வந்தது. இந்தத் தடவை அவள் திருப்பி அனுப்பவில்லை. வீம்பு என்றுகூடச் சொல்லலாம். மணப்பெண் நல்ல உயரம், செருப்பு போடாமலே டிரைவருக்குச் சமமாக நின்றாள். அவளை ஹாலில் நிற்கவைத்து, தையல்காரி முட்டி போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்து, ஓரம் முழுக்க குண்டூசி குத்தினாள். மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும். சாப்பாட்டு மேஜையில் விரித்து, மேலே ஒரு போர்வையைப் போட்டு, யாரும் கை வைக்கக் கூடாது என்று அப்பனிடமும் மகளிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு, வெள்ளை நூல் வாங்கப் போனாள்.

திரும்பி வந்தபோது இரண்டு பேரும் அதே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கவுன் அழுக்குத்துணி மூட்டை மாதிரி சோபாவில் சுருண்டு கிடந்தது. குண்டூசிகள் தரையிலும் சோபாவிலும் சிதறிக் கிடந்தன. கவுன் ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில ஒட்டிக்கொண்டிருந்தன.

யார் எடுத்தது என்று கேட்டாள். டிரைவர் தட்டைப் பார்த்தான், பிறகு பின்பக்க அறையைப் பார்த்தான்.

"அக்காவா இருக்கும்."

"அத்தை ஒண்ணும் இல்லம்மா" என்றாள் மகள், வாய் நிறையச் சோற்றோடு. "அப்பாதான் சுருட்டி வச்சாரு. சாப்பிட இடமில்லைன்னு."

தையல்காரி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் பிழைத்திருப்பான், கத்தல் அவனுக்குப் பழக்கம். அவள் மெஷினைத் தூக்கினாள். பின்பக்க அறைக் கதவைக் காலால் தள்ளித் திறந்தாள். உள்ளே போய், நாற்காலியை ஓரம் தள்ளிவிட்டு, ஜன்னலடியில் கிடந்த பலகைமேல் மெஷினை வைத்தாள்.

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கூரையில் தொங்கிய விளக்கு ஆடியது. நாற்காலி அவளை நோக்கி உரசிக்கொண்டு வந்தது. பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பயத்துக்கு இடம் கொடுக்கும் அளவுக்கு மனசுக்குள் இடமில்லை.

"இங்க பாருங்க" என்றாள் நாற்காலியிடம். அக்கா என்று சொல்லவில்லை, எந்த முறையும் சொல்லவில்லை. "உங்களுக்கு என்ன கோபம்னு எனக்குத் தெரியாது. நியாயமான கோபமாக்கூட இருக்கலாம். ஆனா எனக்கு நாளைக்குக் காலையில துணி கொடுக்கணும். நான் முன்னாடி நிக்கிறேன். நீங்க வரிசையில வாங்க."

அது கேட்டு அடங்கியதா, வேறு காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. விளக்கு கொஞ்ச நேரம் ஆடி நின்றது. நாற்காலி வந்த இடத்திலேயே நின்றது.

அவள் கதவைத் திறந்து டிரைவரைக் கூப்பிட்டாள். கவுனை எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். அவன் நிலைப்படியில் நின்று, இங்கேயிருந்தே தருகிறேனே என்றான். உள்ளே வரச் சொன்னாள். வந்தான், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு. சட்டையைக் கழற்றச் சொன்னாள்.

"எதுக்கு?"

"இதைப் போட்டுக்கத்தான். பொண்ணு உங்க உயரம்."

மகள் வெளியே தரையில் விழுந்து சிரித்தாள். பனியன்மேல் வெள்ளை கவுன், முதுகில் ஜிப் ஏறாமல் நாடாவால் இழுத்துக் கட்டியது. மணப்பெண்ணின் குதிகால் செருப்பு உயரத்துக்காக, காலடியில் ஒரு மரக்கட்டை. தையல்காரி அவன் காலடியில் முட்டி போட்டு, குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, அளவுகோலை வைத்து மறுபடியும் குத்த ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் கதவு மெல்ல அசைந்ததும் அவன் கட்டையிலிருந்து இறங்கப் பார்த்தான்.

"அசைஞ்சா ஊசி குத்தும். ஓடினா துணி கிழியும். துணி கிழிஞ்சா உங்களைச் சேர்த்துத் தைச்சுடுவேன்" என்றாள், உதட்டில் ஊசிகளோடே.

நின்றான். வியர்த்துக் கொட்டியது. மூலையைப் பார்த்து, "மன்னிச்சிடுங்க அக்கா, இவ கொஞ்சம் கோபக்காரி" என்று முணுமுணுத்தான்.

தையல்காரி உதட்டிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் வைத்தாள்.

"அங்க என்ன கேக்கறீங்க? கீழ பாருங்க. இங்க கேளுங்க."

வெள்ளைத் துணிக்கு மேலிருந்து அவன் குனிந்து பார்த்தான்.

"நான்தான் எடுத்து வச்சேன்" என்றான். "தப்புதான்."

"ரூம்?"

"உன்னோடது."

"சத்தமா சொல்லுங்க. கேக்க வேண்டியவங்களுக்கும் கேக்கட்டும்."

அவன் சத்தமாகச் சொன்னான், குரல் கொஞ்சம் உடைந்தது. கதவு அசையவில்லை. இரக்கம் வருமா என்று தையல்காரி தன்னையே ஒரு நிமிஷம் சோதித்துப் பார்த்தாள். வரவில்லை. குண்டூசிகளைத் திரும்ப உதட்டில் கவ்விக்கொண்டு, அவன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, மறுபக்கம் திரும்பச் சொன்னாள்.