மண்ணு போட்ட அன்னைக்கு

"நௌஷாத்துக்கு மண்ணு போட்ட அன்னைக்கு மழை விடவே இல்ல." திரையில் வந்த வரியை ரஃபியா வாய்விட்டே படித்தாள். உத்தமபாளையத்தில் வீட்டில் இருந்தபடியே அவள் பார்க்கும் வேலை இது. யார் யாரோ பேசியதைக் கம்பெனியில் எழுத்தாக்கி அனுப்புவார்கள். அதில் வரும் சம்பவத்துக்குக் கலைக்களஞ்சியத்தில் எந்தப் பக்கம் என்று கணினி ஊகித்துக் காட்டும். சரியா தப்பா என்று இவள் சொல்ல வேண்டும். மண் என்றதும் அந்த மேதாவி 'மண்சரிவு' என்று காட்டியிருந்தது.

"மவுத்தானவுகளுக்குக் கபருக் குழியில மண்ணு போடுறதுகூட இதுக்குத் தெரியல மாமி" என்று சிரித்தாள்.

மாமியார் மெகருன்னிசா சிரிக்கவில்லை. "யாரு பேரச் சொன்ன?"

"ஊருக்கு நாலு நௌஷாத் இருக்காக மாமி."

"இருக்கட்டும். எம்புள்ள மலைக்குப் போயிருக்கயில அத வாயால படிக்காத."

ரஃபியாவின் கணவன் நௌஷாத், ஏலத்தோட்டத்துப் பெண்களை ஜீப்பில் கூட்டிவரக் கம்பம்மெட்டுக்குப் போயிருந்தான். காலையிலிருந்தே மழை. அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வேலை வேலைதான். மண்சரிவை நீக்கி, 'அடக்கம்' என்று மாற்றி அனுப்பினாள். அனுப்பிய கையோடு அவனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, எங்கன இருக்கீக?"

"எறங்குற வழியில புள்ள. முன்னால மண்ணு சரிஞ்சு கெடக்கு. ஜேசிபி அள்ளுனதும் வந்துருவேன்."

"அங்கன நிக்காதீக. மேலயே திரும்பிப் போயிருங்க."

"பின்னால வரிசையா வண்டி. எங்கிட்டுத் திருப்ப?" அவன் சிரிக்கும்போதே லைன் அறுந்தது. மறுபடி கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

பயத்தில் அவளுக்கு முதலில் அந்த அடக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் தேடினாள். அனுப்பியதைத் திரும்பப் பெற வழியில்லை. அதற்குள் அடுத்த வரி வந்து நின்றது. வேறு யாரோ பேசியது: "மெட்டு ரோட்டுல மண்ணு சரிஞ்ச அன்னைக்கு."

முன்பு அவள் திருத்தியதைக் கணினி அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டது. கீழே 'அடக்கம்' என்று காட்டி, சரியா தப்பா என்று கேட்டது.

"ரிங்கு போகுதா?" என்றாள் மெகருன்னிசா.

ரஃபியா தப்பு என்பதை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். மழைக்கு நெட் போயிருந்தது. 'அடக்கம்' அப்படியே நின்றது.