டிலனாய்க்கு ஒரு தரம்

முட்டம் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறும் ஞானதாசன் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். தொண்டை மட்டும் அவருக்கு ஆண்டவர் இரண்டு ஆளுக்கானதைக் கொடுத்திருந்தார். எதிர்க்காற்று அடிக்கிற நாளிலும் அவர் கூறுவது நாலு வள்ளம் தள்ளி நிற்பவனுக்குக் கேட்கும். அந்தத் தொண்டையைத் தேடித்தான் ஒரு சனிக்கிழமை காலையில் மகேஷ்குமார் பைக்கில் வந்து இறங்கினான்.

மகேஷ்குமார் வெள்ளிச்சந்தைப் பக்கம் ஒரு சின்ன நூலகத்துக்குச் செயலாளர். அன்று சாயங்காலம் நூலகத்தின் ஆண்டு விழா. வரலாற்றில் நம் மதிப்புக்கு மிகவும் உரியவர் யார் என்று ஒரு பட்டிமன்றம் வைத்து, நோட்டீஸும் அடித்துக் கொடுத்தாயிற்று. நடுவராக வர வேண்டிய பேராசிரியருக்கு முந்தின நாள் அம்மை போட்டுவிட்டது. மைக் செட்காரன் தேதியை மறந்து ஒரு கல்யாண வீட்டுக்கு ஒத்துக்கொண்டு போய்விட்டான். நடுவரும் இல்லை, மைக்கும் இல்லை. இரண்டு ஓட்டையையும் ஒரே ஆளை வைத்து அடைத்துவிடலாம் என்பது அவன் யோசனை.

தனக்கு வரலாறு தெரியாது என்று ஞானதாசன் கையை விரித்தார்.

"அண்ணனுக்குத் தெரியாண்டாம். ஒருத்தர் பக்கமும் சாயாத ஆளாக்கும் எங்களுக்கு வேண்டியது. நாங்க பேசப்போற மூணு பேருல யாரையும் நீங்க கேள்விப்பட்டதே இல்லைன்னா ரொம்ப நல்லது."

வீட்டில் போய்ச் சொன்னதும் மனைவி அஜிதா சிரித்தாள். மத்தியானத்து மீனைப் புளிமுளம் வைக்கவா அவியல் வைக்கவா என்று கேட்டால் அரை மணி நேரம் யோசிக்கிற மனுஷன், உலகத்திலேயே பெரிய ஆள் யார் என்று தீர்ப்புச் சொல்லப் போகிறாராம். அந்தச் சிரிப்புதான் அவரை உசுப்பிவிட்டது. வெள்ளை வேட்டியை எடுத்து அவரே இஸ்திரி போட்டார்.

நாலரை மணிக்கு நூலகத்து முற்றத்தில் நூற்றைம்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். மேடையில் மூன்று பேச்சாளர்கள். முதலாவது தாணு, வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஊரில் அவரோடு சண்டை போடாத வீடு கிடையாது. அவர் அசோகருக்காகப் பேச வந்தவர். இரண்டாவது ரெஜிஷா, ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் எடுப்பவள். அவள் பிளாரன்ஸ் நைட்டிங்கேலுக்கு. மூன்றாவது, ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் குமாரதாஸ். அவர் டிலனாய்க்கு.

டிலனாய் என்ற பெயர் தெரியாதவர்களுக்காகக் குமாரதாஸே விளக்கினார். குளச்சலில் திருவிதாங்கூர் படையிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுக்காரன். பிடித்த ராஜாவுக்கே படை பழக்கிக் கொடுத்து, கோட்டை கட்டிக் கொடுத்து, வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி என்று பேரெடுத்து, கடைசியில் உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானவன். ஜெயித்தவனை யார் வேண்டுமானாலும் மதிக்கலாம், தோற்ற பிறகு வாழ்ந்து காட்டியவனை மதிப்பதுதான் பெரிய விஷயம் என்று அவர் சொல்லி முடிக்கும்போது குரல் கொஞ்சம் கம்மியது. தன் பேச்சிலேயே உருகிப்போகிற சுபாவம் அவருக்கு உண்டு.

பதினைந்து நிமிஷத்தில் மூன்று பேரும் தங்கள் நேரத்தை முடித்தார்கள். பிறகு தொடங்கின வாக்குவாதத்தை யாரும் முடிக்கவில்லை. அசோகர் சாலையோரம் மரம் நட்டார் என்று தாணு சொல்ல, இப்போது நாலு வழிச்சாலைக்கு வெட்டுகிறார்களே அந்த மரமா என்று பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது. லட்சம் பேரைக் கொன்றுவிட்டு வருத்தப்பட்டால் பெரிய மனுஷனா என்று ரெஜிஷா கேட்டாள். சண்டை நடந்ததால்தானே உங்கள் நைட்டிங்கேல் அம்மாளுக்கு விளக்கைத் தூக்க வேலை கிடைத்தது என்று தாணு திருப்பிக் கொடுத்தார். நடுவில் அபிதா என்ற பெண் எழுந்து, மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கை இந்த நாட்டில் பரப்பின விசாகம் திருநாள் மகாராஜா பெயரை நோட்டீஸில் போடாதது ஏன் என்று கேட்டாள். அதற்குத்தான் அன்றைக்கு முதல் பெரிய கைத்தட்டல் கிடைத்தது. மேடையில் இருந்த மூன்று பேருக்கும் முகம் சுருங்கிவிட்டது.

ஞானதாசனுக்கு ஒன்றும் ஓடவில்லை. எல்லோரும் சொன்னது அவருக்குச் சரியாகவே பட்டது. அசோகர் நல்லவர்தான், அந்த அம்மாளும் நல்லவள்தான், கிழங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேசைக்கு அடியில் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். முற்றத்தில் ஆட்கள் எழுந்து நின்று விரலை நீட்டிப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு நாற்காலி சாய்ந்தது. தாணு வேட்டியை மடித்துக் கட்டினார். மகேஷ்குமார் கண்ணாலேயே கெஞ்சினான்.

அப்போது ஞானதாசனின் வாய் அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது. "அசோகருக்கு ஒரு தரம்..."

நூலகத்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முற்றம் அப்படியே அடங்கிற்று. அந்த அமைதியைப் பார்த்ததும் அவருக்குத் தன் இடத்துக்கு வந்துவிட்ட மாதிரி ஒரு தெம்பு. எழுந்து நின்றார். முதுகு நேரானது.

"பேச்சு போதும்," என்றார். "கடப்புறத்துல மீன் நல்ல மீனான்னு நாங்க பேசிக்கிட்டு நிக்க மாட்டோம். அது வேணும்னு சொல்லுகவன் என்ன குடுப்பான்னு கேப்போம். காசு வேண்டாம். உங்க ஆளு பெரிய ஆளுன்னு சொல்லுகீங்க இல்லியா, அவருக்காக நீங்க எதை விடுவீங்க? தாணு அண்ணாச்சி, சொல்லுங்க."

தாணு சுற்றிலும் பார்த்தார். அசோகர் சண்டையை விட்டவர். அதனால், யோசித்து யோசித்து, ஒரு மாசம் யாரோடும் கோபப்பட மாட்டேன் என்றார். முற்றம் குலுங்கிச் சிரித்தது. அவர் வீட்டம்மா மட்டும் சிரிக்காமல், கையெடுத்துக் கும்பிட்டாள்.

ரெஜிஷா மூன்று மாசம் போனைத் தொடாமல் இருப்பேன் என்றாள். தாணு விடவில்லை, ஆறு மாசம் கோபப்பட மாட்டேன் என்றார். சொல்லும்போதே கோபம் வந்துவிட்டதால் அது செல்லுமா என்று கேள்வி எழுந்தது. செல்லும், நாளைக் காலையில் இருந்து கணக்கு என்று ஞானதாசன் சொல்லிவிட்டார். குமாரதாஸ் மீசையை எடுப்பேன் என்றார். அது முப்பது வருஷத்து மீசை. ரெஜிஷா தலைமுடியைக் கழுத்தளவு வெட்டுவேன் என்றாள். மீசைக்கு மேலே முடியா, முடிக்கு மேலே கோபமா என்பதை எல்லாம் ஞானதாசன் நெத்திலிக் குவியலையும் கணவாய்க் குவியலையும் தரம் பிரிக்கிற வேகத்தில் தீர்த்துக்கொண்டே போனார். இருபத்தேழு வருஷத்தில் அவருக்கு இவ்வளவு சந்தோஷமான ஏலம் வாய்த்ததில்லை. ஒரு கட்டத்தில் ரெஜிஷா சிரித்துக்கொண்டே விலகினாள்; அவளுக்கு மேலே போக இனி வேலையைத்தான் விட வேண்டும், நைட்டிங்கேல் அதற்குச் சம்மதிக்க மாட்டாள் என்றாள்.

தாணு கடைசியாக எழுந்தார். "வாழ்நாள் பூரா கோபப்பட மாட்டேன்."

சபை கைதட்டியது. "அசோகருக்கு ஒரு தரம்," என்றார் ஞானதாசன். "ரெண்டு தரம்."

"சுவர் கேஸை விட்டுத் தாறேன்," என்றார் குமாரதாஸ்.

சுவர் கேஸ் என்றால் அந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். குமாரதாஸுக்கும் அவர் தம்பி பகவதியப்பனுக்கும் நடுவில் மூன்றடி அகலத்துக்கு ஒரு துண்டு நிலம், அதில் ஒரு சுவர், ஒரு பலாமரம். பதினொரு வருஷமாக வழக்கு. அண்ணன் தம்பி முகம் பார்த்துப் பேசியே ஒன்பது வருஷம் ஆகிறது. அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட ஆளுக்கொரு பந்தல் போட்டார்கள்.

"டிலனாய் தோத்ததுக்கு அப்புறம்தான் மனுஷனானான்," என்றார் குமாரதாஸ். கண் கலங்கியிருந்தது. "நானும் தோத்துட்டேன்னு எழுதிக் குடுக்கேன்."

ஞானதாசனுக்கு அந்த முகம் பழக்கமானது. சூட்டில் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் வருத்தப்படப் போகிறவனின் முகம். துறைமுகத்தில் அப்படி ஒருத்தனைப் பார்த்தால் அவர் வேண்டுமென்றே மெதுவாகக் கூறுவார். பின்வாங்க ஒரு மூச்சு நேரம் கொடுப்பார். இங்கேயும் கொடுத்தார். "டிலனாய்க்கு... ஒரு... தரம்."

அந்த மூச்சு நேரத்தில் நாலாவது வரிசையில் பகவதியப்பன் எழுந்தார்.

"டிலனாய் இவனுக்கு மட்டும் சொந்தமா?" என்றார். "எனக்கும் அவரு பெரிய ஆளுதான். கேஸை நான் விடுகேன். மூணடியும் அவனே எடுத்துக்கிடட்டு. நானாக்கும் தோத்தது."

குமாரதாஸ் மேடையில் இருந்து குதித்துவிட்டார். தோற்றது நான், முதலில் சொன்னது நான் என்று அவர் கத்த, நீ என்றைக்கு எதை விட்டிருக்கிறாய், இதையாவது எனக்கு விடு என்று தம்பி கத்தினார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் இவை. இரண்டு பேரின் சட்டையையும் நாலு நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். தாணு குறுக்கே புகுந்து, ஒரே சாமானுக்கு அண்ணனும் தம்பியும் சேர்ந்துகொண்டு கேட்பது கூட்டு ஏலம், இது செல்லாது என்று கோபப்பட்டார். ஞானதாசன் மூன்று தரமும் கூறி, டிலனாய்க்குத் தீர்ப்பைச் சொல்லி, கொடுத்த பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்தார்.

சூடு ஆறியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் நினைத்தார். ஆகவில்லை. திங்கட்கிழமை குமாரதாஸ் தன் வக்கீலிடம் போய், நிலம் தம்பியுடையது என்று மனு எழுதச் சொன்னார். செவ்வாய்க்கிழமை பகவதியப்பன் தன் வக்கீலிடம் போய், நிலம் அண்ணனுடையது என்று எழுதச் சொன்னார். பதினொரு வருஷமாக எனது எனது என்று நடந்த வழக்கு அந்த வாரத்தில் இருந்து உனது உனது என்று நடக்க ஆரம்பித்தது. வக்கீல்கள் இரண்டு பேரும் பழைய கட்டுகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தார்கள். இதற்கு முன்னால் பலாப்பழத்தைத் திருடிக்கொண்டு போனான் என்று ஒருவர் மேல் ஒருவர் புகார் கொடுத்தவர்கள், இப்போது விடிகாலையில் அடுத்தவர் வாசலில் பழத்தை வைத்துவிட்டு ஓடினார்கள். ஊருக்கு இரண்டு மாசம் பலாப்பழ வாசனை.

கடைசியில் வழக்கு சமரசத்துக்கு, மக்கள் நீதிமன்றத்துக்கு வந்தது. உட்கார்ந்திருந்த அதிகாரி இரண்டு மனுவையும் இரண்டு முறை வாசித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முதலில் விட்டுக் கொடுத்தது யாரோ அவர் சொன்னபடி முடித்துவிடலாமா என்று கேட்டார். அண்ணனும் தம்பியும் ஒத்துக்கொண்டார்கள். ஒரே நேரத்தில் இரண்டு பேரும் தத்தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்கள். ஆகவே ஞானதாசனைக் கூப்பிட்டார்கள்.

வராந்தாவில் காத்திருக்கும்போது பகவதியப்பன் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ரெண்டு பேரும் ஒண்ணா சொன்னோம்னு சொல்லிரும்," என்றார் தாழ்ந்த குரலில். ஞானதாசனுக்கு இரக்கமாக இருந்தது. ஒரு வார்த்தை மாற்றிச் சொல்வதால் யாருக்கும் எதுவும் குறையப் போவதில்லை. ஆனால் யார் முதலில் கேட்டான் என்பதில் அவர் ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. சொந்த மச்சான் ஒருமுறை அரை நொடி பிந்திக் கேட்டு ஏலத்தை இழந்து, அதனால் ஆறு வருஷம் வீட்டுக்கு வராமல் இருந்தான். அப்போதுகூட மாற்றவில்லை.

"முதல்ல கேட்டது குமாரதாஸ்," என்றார் அதிகாரியிடம். "தம்பி ஒரு தரத்துக்கு அப்புறமாக்கும் கேட்டாரு."

அவ்வளவுதான். குமாரதாஸ் தோற்றார். நிலம், சுவர், பலாமரம் மூன்றும் பகவதியப்பனுக்கு. குமாரதாஸ் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, மீசை இல்லாத முகத்தோடு எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். பகவதியப்பன் படியில் நின்று, மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று வக்கீலைப் பிடித்து உலுக்கினார். மக்கள் நீதிமன்றத்தில் சம்மதித்து முடித்ததற்கு மேல்முறையீடு கிடையாது, நீங்கள் ஜெயித்தது ஜெயித்ததுதான் என்று வக்கீல் பக்குவமாகச் சொன்னார். மனுஷன் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் நீட்டிய லட்டை மட்டும் வாங்கிக்கொண்டார். ஒன்பது வருஷத்தில் அண்ணன் கையால் வாங்கினது அதுதான் முதல் தடவை என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். தின்றுகொண்டே அழுதார்.

அதற்குப் பிறகு ஒரு மாசம் கழித்து, காலை ஏழு மணிக்கு, மீன்பெட்டிகளுக்கு நடுவில் பகவதியப்பன் வந்து நின்றார். கையில் நூலகத்துப் புத்தகம். இப்போது தினமும் நூலகத்துக்குப் போகிறாராம். மகேஷ்குமார் அவருக்கென்று ஒரு நாற்காலியே போட்டிருக்கிறானாம். மீன் தண்ணீர் படாமல் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, போரஸ் என்று ஒரு ராஜாவைப் பற்றிப் படித்ததைச் சொன்னார். அலெக்சாண்டரிடம் தோற்றவன். உன்னை எப்படி நடத்த வேண்டும் என்று கேட்டபோது, ராஜாவைப் போல நடத்து என்றானாம். அலெக்சாண்டர் மகிழ்ந்துபோய் அவன் நாட்டை அவனுக்கே கொடுத்துவிட்டானாம்.

"அவன் தோத்தான், நிலம் கிடைச்சுது," என்றார் பகவதியப்பன். "எனக்கும் நிலம் கிடைச்சுது, ஆனா நான் ஜெயிச்சுல்லா போட்டேன். அப்போ என்னை எந்தக் கணக்குல சேக்கது? நீரு நடுவரு, நீருதான் சொல்லணும்."

ஞானதாசன் உண்மையாகவே யோசித்தார். நெற்றியைத் தடவினார். போரஸையும் அலெக்சாண்டரையும் பலாமரத்தையும் மனசுக்குள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். அதற்குள் ஒரு வள்ளம் கரையணைந்து, துள்ளித் துள்ளிப் பிடைக்கிற சாளை மீனைக் கொண்டு வந்து குவித்தார்கள். வியாபாரிகள் சுற்றி வளைத்துக்கொண்டார்கள்.

"கொஞ்சம் நில்லும், மக்கா," என்று சொல்லிவிட்டு அவர் குவியலுக்கு முன்னால் போய் நின்றார். பகவதியப்பன் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதில் உட்கார்ந்து, விட்ட பக்கத்தில் இருந்து வாசிக்க ஆரம்பித்தார்.